அந்த எலி என்ன சாப்பிட்டது?

கருமத்தம்பட்டி, சோமனூர், காரணம்பேட்டை பக்கம் மானாவாரியில் சோளம் விதைத்துப் பழகிய எந்தப் பெரியவரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். விசைத்தறிச் சத்தத்துக்கு நடுவே காதைக் கொஞ்சம் தீட்டிக்கொண்டு கேட்க வேண்டியிருக்கும். ஆனால் பதில் ஒரே மாதிரிதான் வரும்.

"மழையில்லாம வாடுன சோளத்துல மாட்டை உடாதீங்க. அதுவும் வெறுவயித்தோட உடவே உடாதீங்க. மொதல்ல ரெண்டு கை காஞ்ச தட்டைப் போடுங்க. வயிறு கொஞ்சம் நெறஞ்சப்பறம் அவுத்து உடுங்க."

இது ஏதோ பாட்டி சொன்ன பத்தியம் என்று நினைத்துவிடாதீர்கள். இளஞ்சோளத்தில், அதிலும் தண்ணீரில்லாமல் சுருண்டு நிற்கிற பயிரில், ஒரு சமாச்சாரம் இருக்கிறது. மாடு மென்று தின்னும்போது அதிலிருந்து சயனைடு வெளியே வரும். துப்பறியும் கதைகளில் கடைசி அத்தியாயத்தில் வில்லன் கடிப்பானே, அதே சயனைடுதான். அளவு மீறிப் போனால் மாடு மூச்சு வாங்கி, தள்ளாடி, சில நிமிடங்களில் சாய்ந்துவிடும். கால்நடை டாக்டர் நேரத்துக்கு வந்து சோடியம் தயோசல்பேட் ஊசி போட்டால் பிழைக்க வாய்ப்புண்டு. அந்த மருந்தில் இருப்பது கந்தகம். கந்தகத்தோடு சேர்ந்த சயனைடு, தயோசயனேட் என்ற சாதுவான சரக்காக மாறி சிறுநீரில் போய்விடும்.

வேடிக்கை என்னவென்றால், டாக்டர் ஊசியால் செய்கிற இந்த வேலையை மாட்டின் உடம்பு தானாகவே சின்ன அளவில் செய்துகொண்டுதான் இருக்கிறது. அதற்கு வேண்டிய கந்தகம் தீவனத்துப் புரதத்திலிருந்து கிடைக்கிறது. ஆகவே ஒரே காட்டில், ஒரே சோளத்தை, ஒரே அளவு மேய்ந்த இரண்டு மாடுகளில், கட்டுத்தரையில் புண்ணாக்கும் தட்டும் தின்று வந்தது தப்பிக்கலாம். வெறும் வயிற்றோடு வந்த எலும்பும் தோலுமான மாடு விழலாம்.

சரி, இப்போது ஒரு கேள்வி. விஷம் சோளத்தில் இருந்ததா, மாட்டின் வயிற்றில் இருந்ததா?

விளையாட்டாகக் கேட்கவில்லை. இந்தக் கேள்வியைப் பூச்சிமருந்துக்கும் கேட்டார்கள். அந்தக் கதைதான் இந்த வாரம். கதை குன்னூரில் தொடங்குகிறது. கனடாவுக்குப் போகிறது. பிறகு சேலத்துக்காரர் ஒருவரைப் பிடித்துக்கொண்டு ஐதராபாத்துக்குத் திரும்பி வருகிறது.

* * *

முதலில் கடைக்குப் போய் ஒரு மருந்து டப்பாவைக் கையில் எடுங்கள். (நஞ்சுக்கு 'மருந்து' என்று பெயர் வைத்த ஜனங்கள் நாம். போகட்டும்.) டப்பாவின் மேல் சதுரத்தைச் சாய்த்து நிறுத்தியது போல ஒரு அடையாளம் இருக்கும். அதன் கீழ்ப்பாதி முக்கோணத்துக்கு ஒரு நிறம். சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை - இந்த நாலில் ஒன்று. சிவப்பு என்றால் அதிபயங்கரம். பச்சை என்றால் பரவாயில்லை ரகம்.

இந்த முக்கோணம் சும்மா வரவில்லை. 1958-ல் கேரளாவில் ஒரு பெரிய துயரம் நடந்தது. ஒரே கப்பலில் கோதுமையும் ஃபாலிடாலும் பக்கத்தில் பக்கத்தில் வந்தன. வழியில் மருந்து ஒழுகி உணவில் கலந்துவிட்டது. அதைச் சாப்பிட்டு நூறு பேருக்கு மேல் இறந்துபோனார்கள். விசாரணைக் கமிஷன், அறிக்கை என்று நடந்து, 1968-ல் பூச்சிக்கொல்லிச் சட்டம் வந்தது. 1971-ல் அதற்கான விதிகள் வந்தன. நாலு நிறங்களும் அந்த விதிகளில்தான் இருக்கின்றன.

நிறத்தை எப்படி முடிவு செய்கிறார்கள்? எல்.டி.50 என்று ஒரு எண். இங்கிலாந்தில் ட்ரெவன் என்ற விஞ்ஞானி 1927-ல் கொண்டுவந்த கணக்கு. ஒரு கூட்டம் எலிகளுக்கு விஷத்தைக் கொடுத்தால், அதில் சரிபாதி சாவதற்கு எவ்வளவு வேண்டும்? எலியின் எடையில் ஒரு கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம் என்று சொல்ல வேண்டும். எண் சின்னதாக இருந்தால் விஷம் பெரிது.

வாய்வழிக் கணக்கில் 50 மில்லிகிராம் வரைக்கும் சிவப்பு. 51 முதல் 500 வரை மஞ்சள். 501 முதல் 5,000 வரை நீலம். அதற்கு மேலே பச்சை. அவ்வளவுதான். இந்த எல்லைகளை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்ச நேரத்தில் தேவைப்படும்.

பி.காம். படித்தவனுக்கு இந்த மாதிரி எண்ணைப் பார்த்தால் ஒரு புத்தி வரும். பேலன்ஸ் ஷீட்டில் லாபம் எவ்வளவு என்பது முக்கியமில்லை, அந்த லாபம் எந்த நிபந்தனையில் வந்தது என்று கீழே பொடி எழுத்தில் போட்டிருப்பதைத்தான் முதலில் படிக்க வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். எல்.டி.50-க்கும் அப்படி ஒரு பொடி எழுத்து உண்டு. டப்பாவில் அது அச்சாவதில்லை.

அதாவது, இந்த எண்ணைத் தந்த எலி வயிறாரச் சாப்பிட்ட எலி. ஆய்வுக்கூடத்துத் தீவனம், சரிவிகிதப் புரதம், விட்டமின், உப்பு எல்லாம் வேளாவேளைக்கு. நம்ம ஊர் மளிகைக் கடைக் காதிதப் பெட்டிக்குள் குடித்தனம் நடத்துகிற எலி இல்லை.

பட்டினி எலிக்கு இதே எண் வருமா?

* * *

சாப்பாட்டை மாற்றினால் எலி எப்படி மாறும் என்று இந்த நாட்டில் முறையாகப் பார்த்த இடம் கருமத்தம்பட்டியிலிருந்து தூரமில்லை. அன்னூர், மேட்டுப்பாளையம் என்று போய் மலையேறினால் குன்னூர். அங்கே பாஸ்டர் இன்ஸ்டிட்யூட். 1918-ல் அங்கே பெரிபெரி நோயைப் பற்றி விசாரிக்க ஒரு சின்ன அறை ஒதுக்கினார்கள். பொறுப்பாளர் ராபர்ட் மெக்காரிசன், அயர்லாந்துக்காரர், ராணுவ மருத்துவத் துறை.

மெக்காரிசன் ஒரு அழகான காரியம் செய்தார். இந்தியாவில் யார் யார் என்ன சாப்பிடுகிறார்களோ அதை அப்படியே எலிகளுக்குச் சமைத்துப் போட்டார். ஒரு கூட்டத்துக்குச் சீக்கியர் சாப்பாடு: முழுக்கோதுமை ரொட்டி, பால், வெண்ணெய், பருப்பு, காய்கறி. இன்னொன்றுக்குப் பட்டாணியர் சாப்பாடு. அப்புறம் மராட்டியர், கூர்க்கா, கன்னடர், வங்காளி. கடைசியில் மதராஸ் சாப்பாடு. தீட்டிய அரிசி, அதன் மேல் கொஞ்சம் குழம்பு கூட்டு.

எலிகள் வளர்ந்ததும் எடை போட்டுப் பார்த்தார். சீக்கியச் சாப்பாட்டு எலிக்கு முதல் ரேங்க். மதராஸ் எலிக்குக் கடைசி ரேங்க்.

கொங்குநாட்டுக்காரர்கள் உடனே கோபித்துக்கொள்ள வேண்டாம். "நாங்க எப்பங்க அரிசி தின்னோம்? கம்பும் ராகியும் சோளமுந்தானுங்களே" என்பது நியாயமான ஆட்சேபணைதான். அன்றைக்கு நெல்லுச்சோறு இங்கே பல வீடுகளில் நோம்பிக்கும் விருந்தாளிக்கும் மட்டும்தான். அந்த தானியத்தையும் மெக்காரிசன் விட்டுவைக்கவில்லை. கோயமுத்தூர் வேளாண் கல்லூரியில் அரசு வேதியியலாளராக இருந்த விஸ்வநாத்தோடு சேர்ந்து 1926-ல் ஒரு ஆய்வு வெளியிட்டார். நிலத்துக்குப் போடுகிற எருவை மாற்றினால், அதில் விளைகிற தானியத்தின் சத்து மாறுகிறதா என்பது கேள்வி. மாட்டுச்சாண எரு போட்ட நிலத்துத் தானியம் கூடுதல் சத்தோடு இருந்ததாக எழுதினார்கள். கோவைக் கல்லூரியின் நிரந்தர எருச் சோதனை வயல்கள் 1909-லிருந்து இருப்பவை.

ஆக, மண் மாறினால் தானியம் மாறும். தானியம் மாறினால் எலி மாறும். குன்னூர் இதுவரைக்கும் வந்துவிட்டது. அந்த எலிக்கு விஷம் கொடுத்துப் பார்க்க வேண்டிய தேவை அன்றைக்கு வரவில்லை. வயலில் வேதியியல் மருந்து அப்போது அவ்வளவாகக் கிடையாது.

* * *

தேவை இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வந்தது. டி.டி.டி. ரூபத்தில்.

1953-ல் தேசிய மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டம். 1958-ல் அது ஒழிப்புத் திட்டமாகப் பெயர் மாறியது. காக்கி டிராயர்காரர்கள் முதுகிலும் கையிலும் பம்போடு வந்து வீட்டுச் சுவர், கட்டுத்தரை, கோழிக்கூடு என்று ஒன்று விடாமல் அடித்துவிட்டு, வாசல் பக்கம் என்.எம்.இ.பி. என்று தேதியோடு எழுதிவிட்டுப் போவார்கள். வயதானவர்களுக்கு ஞாபகம் இருக்கும். வயலுக்கு கமாக்சின் பவுடர் வந்தது. பின்னாலேயே எண்ட்ரின், ஃபாலிடால், எண்டோசல்ஃபான். பருத்திக் காட்டில் இந்த மருந்துகள் தண்ணீராக ஓடின. மரபணு மாற்றிய பருத்தி 2002-ல் வருவதற்கு முன்னால், நாட்டின் விளைநிலத்தில் இருபதில் ஒரு பங்கில் விளைந்த பருத்திதான், நாடு முழுக்க விற்ற பூச்சிமருந்தில் கிட்டத்தட்டப் பாதியைக் குடித்தது. பருத்திச் சீமை என்று நாம் பெருமைப்பட்டோமே, அந்தப் பெருமையின் இன்னொரு பக்கம் இது.

இந்த மருந்துகளெல்லாம் சோதிக்கப்பட்டது வளமான நாடுகளின் கொழுத்த எலிகளில். தெளிக்கப்பட்டதோ பஞ்சத்தில் அடிபட்ட நாடுகளில். இந்தப் பொருத்தமின்மை கனடாவில் ஒருவரை உறுத்தியது. கிங்ஸ்டன் நகரத்து குயின்ஸ் பல்கலைக்கழகத்தில் மருந்தியல் பேராசிரியர் எல்டன் பாய்டு.

பாய்டு செய்தது எளிமையான வேலை. தாய்ப்பால் மறந்த குட்டி எலிகளை எடுத்தார். ஒரு கூட்டத்துக்கு 26 சதவீதம் புரதம் உள்ள தீனி. இன்னொரு கூட்டத்துக்கு மூன்றரை சதவீதம்தான். 28 நாள் இப்படி வளர்த்தார். பிறகு இரண்டு கூட்டத்துக்கும் ஒரே பூச்சிமருந்தைக் கொடுத்து, எல்.டி.50 கணக்குப் போட்டார். டி.டி.டி. முடிவு 1968-ல் உலக சுகாதார நிறுவனத்தின் சஞ்சிகையிலேயே வந்தது. அடுத்தடுத்து ஒவ்வொரு மருந்தாகப் பார்த்துக்கொண்டே போனார். 1972-ல் எல்லாவற்றையும் சேர்த்துப் புத்தகமாகவே போட்டார்.

இப்போது அந்த நாலு நிறத்தை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள்.

எண்டோசல்ஃபான். புரதம் போதுமான அளவு தின்ற எலிக்கு 102 மில்லிகிராம். முக்கோணத்தில் மஞ்சள். புரதம் குறைந்த எலிக்கு 24 மில்லிகிராம். அது சிவப்பு.

கேப்டான். இது பூஞ்சாணத்துக்கு அடிப்பது. விதை நேர்த்திக்கும் பயன்படும். நன்றாகத் தின்ற எலிக்கு 12,500 மில்லிகிராம். பச்சைக்குள் பச்சை. சாப்பாட்டு உப்பே எலியை இதைவிடச் சீக்கிரம் கொன்றுவிடும். சத்துக் குறைந்த எலிக்கோ 480 மில்லிகிராமே போதுமாக இருந்தது. 26 மடங்கு வித்தியாசம். பச்சையிலிருந்து நீலத்தில் நிற்காமல் நேராக மஞ்சளுக்குத் தாவிவிட்டது. புரதமே இல்லாத தீனி கொடுத்துப் பார்த்தபோது இந்த வித்தியாசம் இரண்டாயிரம் மடங்கைத் தாண்டியது.

மருந்து அதேதான். டப்பாவும் அதே டப்பாதான். எலியின் தட்டில் இருந்ததை மாற்றியதும் முக்கோணத்தின் நிறம் மாறிவிட்டது.

நியாயமாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். மூன்றரை சதவீதம் என்பது கொடும்பஞ்சம். வெறும் அரிசியிலேயே ஏழு சதவீதத்துக்கு அருகில் புரதம் இருக்கிறது. மரவள்ளிக்கிழங்கை மட்டுமே தின்று வாழ்கிற நிலைமை வந்தால்தான் இவ்வளவு கீழே போகும். எல்லா மருந்தும் கேப்டான் போல எகிறவும் இல்லை. பலவற்றுக்கு வித்தியாசம் சில மடங்குதான். ஆனால் சில மடங்கு என்பதே சாவுக்கும் பிழைப்புக்கும் நடுவில் இருக்கிற தூரமாக இருக்கலாம்.

* * *

ஏன் இப்படி ஆகிறது? கணக்குப்பிள்ளை பாஷையில் சொல்கிறேன்.

ஈரலை ஒரு பெரிய கம்பெனியின் கேஷ் கவுன்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். குடலிலிருந்து வருகிற எல்லாச் சரக்கும் முதலில் இங்கேதான் வந்து நிற்கும். பூச்சிமருந்துகள் பெரும்பாலும் கொழுப்பில் கரைகிறவை. அப்படியே விட்டால் உடம்பை விட்டு லேசில் போகாது. ஈரலில் இருக்கிற என்சைம் என்ற குமாஸ்தாக்கள் அதை உடைத்து, முத்திரை குத்தி, தண்ணீரில் கரைகிற வடிவத்துக்கு மாற்றி, சிறுநீருக்கும் பித்தநீருக்கும் அனுப்புவார்கள்.

இந்தக் குமாஸ்தாக்கள் அத்தனை பேரும் புரதத்தால் ஆனவர்கள். தீனியில் புரதம் இல்லையென்றால் ஆள்குறைப்பு. கவுன்டரில் கூட்டம் சேரும். சரக்கு தேங்கும்.

கூடவே குளுட்டத்தயோன் என்று ஒரு ரிசர்வ் ஃபண்ட் இருக்கிறது. கந்தகம் உள்ள அமினோ அமிலத்திலிருந்து உடம்பு தயாரிப்பது. கேப்டான் மாதிரி மருந்து உள்ளே போய் செல்களில் இருக்கிற கந்தகத்தின் மேல்தான் முதலில் பாயும். குளுட்டத்தயோன் தன்னைக் கொடுத்து அதைத் தடுக்கும். பட்டினி கிடந்த உடம்பில் ரிசர்வ் ஃபண்ட் காலி. அதனால்தான் கேப்டான் கணக்கு அப்படித் தலைகீழானது. சோளக்காட்டு மாட்டுக்கும் கனடா எலிக்கும் உள்ள உறவு புரிகிறதா? இரண்டு இடத்திலும் காப்பாற்றுவது சாப்பாட்டிலிருந்து வந்த கந்தகம்.

'ஆக, நன்றாகச் சாப்பிட்டால் விஷம் ஒன்றும் செய்யாது' என்று இங்கேயே எழுந்து போய்விடாதீர்கள். கதையில் ஒரு திருப்பம் பாக்கியிருக்கிறது.

* * *

குமாஸ்தா எப்போதும் நமக்குச் சாதகமாகவே வேலை செய்வார் என்று யார் சொன்னது? சில சரக்கைத் தொட்டுத் திருத்தி, வந்ததைவிடப் பயங்கரமாக்கி அனுப்பிவிடுகிறவரும் அவர்தான். ஃபாலிடாலில் இருக்கிற பாரத்தியான் அப்படியே இருந்தால் அவ்வளவு வீரியம் கிடையாது. ஈரல் அதைப் பாராக்ஸான் ஆக்குகிறது. அதுதான் நரம்பைப் பிடித்து நிறுத்துகிற ஆள்.

1969-ல் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் காலின் கேம்ப்பெல்லும் சகாக்களும் ஹெப்டகுளோர் என்ற மருந்தை எடுத்துக்கொண்டு பாய்டு மாதிரியே பார்த்தார்கள். முடிவு நேர் எதிர். புரதம் குறைந்த எலி அதிகம் தாங்கியது, நன்றாகத் தின்ற எலி சீக்கிரம் செத்தது! காரணம், ஹெப்டகுளோரை இன்னும் கெட்ட பொருளாக மாற்றுவதே ஈரல்தான். பட்டினி எலியில் அந்தக் குமாஸ்தா லீவு. சரக்கு கெட்டுப்போகவில்லை.

இதைவிடப் பெரிய திருப்பம் நம்முடைய ஆள் ஒருவர் கையில் நடந்தது. சி. கோபாலன். 1918-ல் சேலத்தில் பிறந்தவர். சென்னை மருத்துவக் கல்லூரி. மெக்காரிசன் தொடங்கிவைத்த அதே குன்னூர் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்து, புரதப் பஞ்சத்தில் வயிறு வீங்கி முடி செம்பட்டையாகிற குழந்தைகளைப் பற்றி ஆராய்ந்தார். 1958-ல் ஆய்வுக்கூடம் குன்னூரிலிருந்து ஐதராபாத்துக்கு இடம் மாறியது. பின்னால் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்று பெயர் பெற்றது. அதன் இயக்குநராக இருந்தவர் இவர். 2019-ல், நூறு வயதைக் கடந்த பிறகு காலமானார்.

இவர் கையில் எடுத்தது பூச்சிமருந்து அல்ல. பூஞ்சாண விஷம், அஃப்லடாக்ஸின். 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சம் வான்கோழிகள் கொத்துக் கொத்தாகச் செத்தன. என்ன நோய் என்றே தெரியாமல் 'எக்ஸ் நோய்' என்று பெயர் வைத்தார்கள். கடைசியில் பார்த்தால், தீவனத்தில் போட்ட பிரேசில் கடலைப் புண்ணாக்கு பூஞ்சாணம் பிடித்திருந்தது. கடலைப் புண்ணாக்கு என்றதும் நமக்குக் காது நீளாதா? மாட்டுக்கும் கோழிக்கும் நாம் போடுவது அதுதானே.

கோபாலனும் மாதவனும் ஐதராபாத்தில் எலிகளுக்கு இந்த விஷத்தைக் கொடுத்தார்கள். 1965-ல் பார்த்தது உடனடிப் பாதிப்பு. புரதம் குறைந்த எலியின் ஈரல்தான் மோசமாகக் கெட்டது. பாய்டு பின்னால் சொன்னதற்கு ஒத்துவருகிறது. 1968-ல் வெளியிட்டது நீண்டகாலப் பாதிப்பு. 20 சதவீதம் புரதம் தின்ற கூட்டத்தில் பல எலிகளுக்கு ஈரலில் புற்றுநோய், அல்லது அதற்கு முந்தைய நிலை. 5 சதவீதம் தின்ற கூட்டத்தில் அது வரவில்லை. அந்தக் கூட்டத்தின் பிரச்சினை வேறு: பல எலிகள் முன்னாலேயே செத்துப்போயின.

திரும்பப் படியுங்கள். அதே விஷம். பட்டினி எலியைச் சீக்கிரம் கொல்கிறது. வயிறு நிறைந்த எலிக்குத் தவணை முறையில் புற்றுநோய் தருகிறது. உடனே பார்த்தால் ஒரு விடை. காத்திருந்து பார்த்தால் இன்னொரு விடை.

எலிக்கணக்கு மனிதருக்குப் பொருந்துமா என்று கேட்பவர்களுக்கு 1974 பதில் சொன்னது. ராஜஸ்தான், குஜராத் எல்லையோரத்துப் பழங்குடிக் கிராமங்கள். அறுவடை நேரத்தில் மழை பெய்து நனைந்த மக்காச்சோளம். வேறு தானியம் வாங்க வழியில்லாமல் பூஞ்சாணம் பிடித்ததையே வாரக்கணக்கில் தின்றார்கள். மஞ்சள் காமாலை, வயிறு முழுக்க நீர். 397 பேர் பாதிக்கப்பட்டு 106 பேர் இறந்ததாக ஐதராபாத் நிறுவனத்தார் பதிவு செய்தார்கள். அந்த வீடுகளில் மிச்சச் சோறு தின்ற நாய்களும் அதே மாதிரி செத்தன. பூஞ்சாணம் பிடித்த சோளத்தைத் தூக்கி எறிகிற வசதி இருந்தவர்கள் தப்பித்தார்கள். ஏழைக்கு இரண்டு பக்கமும் அடி. சாப்பாட்டில் விஷமும் அதிகம், தாங்குகிற சக்தியும் குறைவு.

* * *

சரி, இவ்வளவு தெரிந்த பிறகு என்ன செய்தார்கள்?

முக்கோணம் அப்படியேதான் இருக்கிறது. வெளிநாட்டிலும் பெரிய மாற்றமில்லை. எலியைக் கொத்தாகக் கொல்கிற பழைய எல்.டி.50 சோதனை முறையை, வளர்ந்த நாடுகளின் கூட்டமைப்பு 2002-ல் கைவிட்டது. குறைந்த எலிகளை வைத்துச் செய்கிற புதிய முறைகள் வந்தன. எலிகளின் மேல் கருணை வந்தது நல்லதுதான். ஆனால் புதிய முறையிலும் எலிக்குப் போடச் சொல்லியிருப்பது வழக்கமான ஆய்வுக்கூடத் தீவனத்தைத்தான்.

உணவில் இத்தனை மிச்சம் இருக்கலாம் என்று எல்லை வைக்கிறார்களே, அதற்கு 1950-களிலிருந்து ஒரு நூறு மடங்கு விதி உண்டு. விலங்குக்கு ஒன்றும் ஆகாத அளவை எடுத்து, நூறால் வகுத்துவிடுவார்கள். விலங்குக்கும் மனிதருக்கும் உள்ள வித்தியாசத்துக்குப் பத்து. மனிதருக்கு மனிதர் உள்ள வித்தியாசத்துக்குப் பத்து. குழந்தை, கிழவர், கர்ப்பிணி, நோயாளி, பட்டினி கிடப்பவர் எல்லோருமே இந்த இரண்டாவது பத்துக்குள் அடங்கிவிட வேண்டும். ஒரே நாளில் கொல்கிற அளவும் தினமும் துளித்துளியாகப் போகிற அளவும் வேறு வேறு கணக்கு, உண்மைதான். இருந்தாலும் கேப்டானின் 26-ஐப் பார்த்தவருக்கு அந்தப் பத்து கொஞ்சம் சின்னதாகத் தெரிந்தால் ஆச்சரியமில்லை.

எண்டோசல்ஃபானின் கதை தனி. காசர்கோட்டு முந்திரித் தோப்புகளில் 2000 வரைக்கும் ஹெலிகாப்டரில் தெளித்தார்கள். 2011 மே 13-ல் உச்ச நீதிமன்றம் நாடு முழுக்கத் தடை போட்டது. அதுவரை அது மஞ்சள் முக்கோணத்தோடுதான் விற்றது. பசித்த எலியின் கணக்கில் அது சிவப்பு என்று 1970-லேயே அச்சில் வந்திருந்தது.

இப்போது பக்கத்துப் பல்லடத்தைப் பாருங்கள். பிராய்லர் குஞ்சுக்கு முதல் வாரத்தில் எத்தனை சதவீதம் புரதம், மூன்றாவது வாரத்தில் எத்தனை என்று கம்பெனிக்காரர்கள் அச்சடித்துக் கொடுத்திருக்கிறார்கள். இருபது சதவீதத்துக்குக் குறையாமல் பார்த்துக்கொள்கிறார்கள். கோழிக்குக் கணக்கு இருக்கிறது. மருந்தடித்த காட்டு வரப்பில் மேய்கிற வெள்ளாட்டுக்குக் கணக்கில்லை. கோடையில் வெறும் வைக்கோலில் காலம் தள்ளுகிற கறவை மாட்டுக்குக் கணக்கில்லை. காலையில் ஒரு டீயைக் குடித்துவிட்டு முதுகில் டேங்கைக் கட்டிக்கொண்டு காட்டுக்குள் இறங்குகிற கூலிக்காரருக்குக் கணக்கே இல்லை. டப்பாவின் எண்ணைத் தந்த எலி இவர்கள் யாரையும்விட நன்றாகச் சாப்பிட்டது.

ஆகவே, காசு செலவில்லாத சில காரியங்கள். மருந்தடித்த காட்டில் அடித்த சூட்டோடு ஆடு மாட்டை விடாதீர்கள். டப்பாவில் போட்டிருக்கிற நாள் கணக்கை வாசித்து, அதுவரை பொறுங்கள். பஞ்ச காலத்தில் இளைத்த மாட்டுக்கு அந்த நாளையும் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள். மழையில் நனைந்த புண்ணாக்கு, பூஞ்சாணம் பிடித்த மக்காச்சோளம் - 'மாடுதானே, தின்னுட்டுப் போகுது' என்று போடாதீர்கள். மாட்டின் வயிற்றுக்குப் போன அஃப்லடாக்ஸின் ஒரு பங்கு பாலில் திரும்பி வரும். உங்கள் காட்டில் மருந்தடிக்க வருகிற ஆளுக்கு முதலில் சோறு போடுங்கள். கையுறையும் முகமூடியும் பிறகு கொடுங்கள். இரண்டில் ஒன்று போதும் என்று நினைத்துவிட வேண்டாம். ஹெப்டகுளோர் எலியை மறந்துவிடாதீர்கள். நிறைந்த வயிறு கவசமல்ல.

அப்புறம், 'இந்த மருந்து ஒண்ணும் பண்ணாதுங்க, பச்சை முக்கோணம்தான் போட்டிருக்குது' என்று கடைக்காரர் சொன்னால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். பதில் அவருக்கும் தெரியாது, கம்பெனி ஏஜெண்ட்டுக்கும் தெரியாது. இருந்தாலும் கேட்டு வையுங்கள்.

"அந்த எலி என்னங்க சாப்பிட்டுது?"